திருப்தியான நோயாளிக்கு ஊசி கிடையாது

"டீ ரொம்ப நல்லா இருக்கு" என்று கடுகு ஒரு நாள் காலையில் மனைவியிடம் சொன்னார். அவள் தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சட்டையை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகப் பையை எடுத்தாள்.

இதில் என்ன அவசரம் என்று கேட்பவர்கள் கடுகை அறியாதவர்கள். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். ஆள் சிறியவர், கொஞ்சம் சூடு பட்டாலும் வெடிப்பார் என்பதால் தெருவில் வைத்த பெயர் அது. மழை பெய்தால் வானத்தைத் திட்டுவார். பெய்யாவிட்டால் வானிலை அறிக்கை வாசிப்பவரைத் திட்டுவார். தலையணை உயரமாக இருக்கிறது என்று அதோடு சண்டை போட்டுக்கொண்டு தரையில் படுப்பார். பிறகு தரையோடு சண்டை ஆரம்பிக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் போட்ட டீக்கு அவரிடம் மூன்றே தீர்ப்புகள்தான் இருந்தன. சூடு இல்லை, சூடு அதிகம், இது டீயா. நான்காவதாக ஒன்று வந்ததும், தெருவுக்கே துணி தைக்கும் தையல்காரம்மாவான அவள் மனைவி என்ற முறையில் இது வியாதிதான் என்று முடிவுகட்டினாள்.

டீக்கு முன்பே ஒன்றிரண்டு அறிகுறிகள் தெரிந்துதான் இருந்தன. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை இவர்கள் வாசலை மறித்து நிறுத்துவது வழக்கம், கடுகு தெருவே கேட்கக் கத்துவது வழக்கம். முந்தின நாள் மாலை கடுகு வெளியே வந்து, தாராளமா நிறுத்துங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க என்று சொல்லி ஸ்கூட்டரின் சீட்டைத் தடவிக்கொடுத்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் பயந்துபோய் வண்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

நடந்தது இதுதான். கடுகுக்குக் காலில் ஒரு புண் வந்து சீழ் பிடித்தது. டாக்டர் ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். ஒரு வாரம் என்று டாக்டர் சொன்னதாலேயே கடுகு ஒன்றரை மாதம் சாப்பிட்டார், மருந்துக் கடையில் அவரை எதிர்த்துப் பேச ஆள் இல்லை. மாத்திரையால் வயிறு கெட்டது. காய்கறியும் கீரையும் மாட்டுத் தீனி என்பது அவருடைய பழைய கொள்கை. வயிறு கெட்டதும் ரொட்டியும் டீயும் தவிர மற்றதெல்லாம் நின்றது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. லேசாக எங்கே இடித்தாலும் தோல் நீலமாகக் கன்றியது. அந்த நிலைமையில் வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் குழிக்குள் நிமிர்ந்தபோது இரும்பு உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். உத்தரத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். அதுதான் அவர் கடைசியாகத் திட்டியது.

அவர்கள் போன ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் சாதாரண ஆஸ்பத்திரியாகத்தான் இருந்தது. நோயாளிகள் முனகிக்கொண்டே வருவார்கள், சிலர் குணமாகி முனகிக்கொண்டே போவார்கள். பிறகு அதன் இயக்குநர் எங்கோ ஒரு பெரிய ஹோட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சிக்குப் போய்வந்தார். போய்வந்ததும், ஒவ்வொரு வாசலிலும் ஐந்து முகங்கள் வரைந்த ஒரு பெட்டியை மாட்டினார். சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை. எது தன் மனநிலையோ அதை நோயாளி அழுத்த வேண்டும். சிரித்த முகம் அதிகம் வாங்கும் டாக்டருக்கு ஜன்னல் உள்ள அறை. குறைந்தால் ஜன்னல் இல்லாத அறை. மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் சிரித்துக்கொண்டே வருபவர்கள் குறைவு என்பதால், அவருக்கு மாடிப்படிக்குக் கீழே துடைப்பம் வைக்கும் இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். பல் பிடுங்கும் பிரிவில் எவ்வளவு முயன்றும் யாரும் சிரிக்காததால் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் கவனித்துக்கொள்ளத் திருப்தித் துறை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவியான திருப்தி அதிகாரி கழுத்தில் ஒரு முத்திரையைத் தொங்கவிட்டிருப்பார். நோயாளியின் திருப்தியைப் பாதிக்கக்கூடிய எந்தச் சிகிச்சைக்கும் அந்த முத்திரை விழ வேண்டும். ஊசி அப்படிப்பட்ட சிகிச்சை. ஊசி மருந்து வைத்த அலமாரிகள் எல்லாம் பூட்டியே இருந்தன.

கடுகு உள்ளே நுழைந்ததும் வரிசையைப் பார்த்து மனம் நெகிழ்ந்துபோனார். எத்தனை பேர், எவ்வளவு ஒற்றுமையா நிக்கிறாங்க என்றார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் அவரை இரண்டு முறை தப்பான அறைக்கு அனுப்பினாள். இரண்டு முறையும் திரும்பி வந்து, போற வழியெல்லாம் நல்ல வெளிச்சம் என்று நன்றி சொன்னார். அந்தப் பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அவளுக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அவள் மேஜைக்கு அடியில் குனிந்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை மூன்றாவது தப்பான அறைக்கு அனுப்பினாள்.

முகப் பெட்டியைக் கண்டதும் கடுகு சிரித்த முகத்தை அழுத்தினார். அது கீச்சென்று ஒரு சத்தம் போட்டது. சத்தம் பிடித்துப்போய் மறுபடி அழுத்தினார். தையல்காரம்மா கையைப் பிடித்து இழுக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தார். மேலே திருப்தித் துறையின் திரையில் எண்கள் ஏறத் தொடங்கின, திருப்தி அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

கடுகுக்கு லிஃப்ட் ஞாபகமும் போயிருந்தது. அந்த ஆஸ்பத்திரியின் லிஃப்டைக் கொஞ்ச காலம் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது லிஃப்ட் இல்ல சவப்பெட்டி, ஒரு நாள் உள்ளே இருக்கிறவங்கள அந்தரத்துல தொங்கவிடும் என்று இயக்குநரின் முகத்துக்கு நேராகவே கத்தி, அதனால் அந்த வேலையை இழந்தவர். இன்று அதே லிஃப்டின் கதவைத் தொட்டுப் பார்த்து, என்ன ஒரு அடக்கமான லிஃப்ட் என்றார். தையல்காரம்மா அவரை டாக்டர் அறைக்கு வேகமாக இழுத்துக்கொண்டு போனாள்.

டியூட்டி டாக்டர் இளம்பெண், தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தார். என்ன தொந்தரவு என்று கேட்டதற்கு, ஒரு தொந்தரவும் இல்ல டாக்டர், நீங்க சாப்பிட்டீங்களா என்று கடுகு விசாரித்தார். மனைவிதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். டீயைச் சொன்னாள், ஸ்கூட்டரைச் சொன்னாள், தலையில் அடிபட்டதைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. அவர் ஈறைப் பார்த்தார், கையில் இருந்த நீலத் திட்டுகளைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார். எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து எவ்வளவு அழுத்தியும் ரத்தம் நிற்கவே இல்லை. உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார்.

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு அவர் தையல்காரம்மாவைத் தனியே அழைத்தார்.

"அம்மா, ரத்தம் உறையணும்னா உடம்புக்கு வைட்டமின் கே வேணும். கீரையில கொஞ்சம் கிடைக்கும், குடல்ல இருக்குற கிருமிங்க கொஞ்சம் செய்யும். இவர் கீரை சாப்பிடல, மாத்திரை போட்டுக் கிருமிகளையும் கொன்னுட்டார். தலையில அடிபட்டப்போ மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கசிய ஆரம்பிச்சிருக்கு. உறையாததால அது நிக்கவே இல்ல. இப்ப மூளையோட முன்பக்கத்த அமுக்குது. அதனாலதான் இப்படி அன்பா பேசறார்."

"அப்ப இது வியாதிதானே டாக்டர்?"

"வியாதிதான். ஊசியில வைட்டமின் கே போட்டு, ப்ளாஸ்மா ஏத்தி, ரத்தம் உறையற மாதிரி ஆனதும் சின்னதா துளை போட்டு அந்த ரத்தத்த வெளியே எடுத்துடலாம். சரியாயிடுவார். ஆனா இன்னிக்கே செய்யணும். விட்டா தூங்க ஆரம்பிப்பார். அப்புறம் எழுப்ப முடியாது."

தையல்காரம்மா பெருமூச்சு விட்டாள். வியாதிக்குப் பெயர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, அதுவும் வெறும் வைட்டமின். இனி என்ன கவலை என்று நினைத்தாள். பாவம், அவள் அதுவரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை.

ஊசி மருந்துக்கு முத்திரை கேட்டு டாக்டர் மேலே ஆள் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் திருப்தி அதிகாரி தானே நேரில் இறங்கி வந்தார். அவர் கையில் ரிப்பன் கட்டிய ஒரு டப்பா இருந்தது. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் சப்பிச் சாப்பிடும் மாத்திரைகள். இது வைட்டமின் சி என்று டாக்டர் சொன்னார். எழுத்து எதுவானால் என்ன, எல்லாம் வைட்டமின்தானே, ஆரஞ்சு நிறத்துக்குத் திருப்தி அதிகம் என்பது ஆய்வில் நிரூபணமாகியிருக்கிறது என்று அதிகாரி விளக்கினார். கடுகு மாத்திரையைச் சப்பிவிட்டு, உலகத்திலேயே சிறந்த மருந்து என்றார். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

டாக்டர் விடாப்பிடியாக நின்றதால் கூட்டம் கூட்டினார்கள். இயக்குநர் நடுவில், திருப்தி அதிகாரி வலப்பக்கம், மாடிப்படிக்குக் கீழிருந்து வந்த மண்டை டாக்டர் மூலையில். அவர் தலையில் ஒட்டடை இருந்தது. டியூட்டி டாக்டர் படத்தை மாட்டி, ரத்தம் எங்கே தேங்கியிருக்கிறது என்று காட்டினார். வைட்டமின் ஊசி போட்டுவிட்டால் இன்றைக்கே துளை போடத் தான் தயார் என்று மண்டை டாக்டர் சொன்னார். அவர் பேசி முடித்ததும் எல்லோரும் அவர் தலையில் இருந்த ஒட்டடையைப் பார்த்தார்கள்.

திருப்தி அதிகாரி எழுந்தார். ஊசி போட்டால் நோயாளிக்கு ஒரு முகம் இறங்கும், தலையில் துளை போட்டால் மூன்று முகம் இறங்கும் என்று கணக்குச் சொன்னார். பிறகு டாக்டரிடம் திரும்பினார்.

"இவரோட இப்போதைய நிலைக்கு உங்க படிப்புல என்ன பேர் சொல்லுவீங்க?"

"மூளைய ரத்தம் அமுக்குது மேடம்."

"எங்க துறையில இதுக்கு முழுத் திருப்தின்னு பேர். இந்தக் கட்டடம் கட்டின நாள்லேர்ந்து இத ஒருத்தர்கிட்டகூட நாங்க பாத்ததில்ல. அத ஊசி போட்டுக் கலைக்கச் சொல்றீங்க."

இயக்குநர் தையல்காரம்மாவைப் பார்த்துக் கனிவாக, சிகிச்சை முடிந்தால் உங்கள் கணவர் எப்படி ஆவார் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார். பழையபடி ஆகிவிடுவார் என்று அவள் நம்பிக்கையோடு சொன்னாள். பழையபடி என்றால் எப்படி என்று அவர் கேட்டார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"தலையணையோட சண்டை போடுவார் சார்."

இயக்குநருக்கு அப்போதுதான் கடுகின் முகம் எங்கேயோ பார்த்ததாக ஞாபகம் வந்து, லிஃப்ட் ஞாபகமும் கூடவே வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க கணவரக் காப்பாத்த மாட்டோம்னு நாங்க சொல்லவே இல்ல. எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. மதியம் நம்ம ஆஸ்பத்திரிக்கு மார்க் போடத் தரக் குழு வருது. என் அனுபவத்த சொல்றேன். இந்த ஆஸ்பத்திரியில குணமானவங்க நெறய பேர் இருக்காங்க, ஒருத்தர்கூட திருப்தியா போனதில்ல. குணமான உடனே அவங்களுக்குக் கண்ணு நல்லா தெரிய ஆரம்பிச்சிடுது. கட்டில் அழுக்கு, கழிவறை நாத்தம், எல்லாம் தெரியுது. அதே நேரம் நம்ம சவக்கிடங்கப் பாருங்க. இதுவரைக்கும் ஒரு குறை வந்ததில்ல. மத்த வார்டுக்கெல்லாம் நான் அதத்தான் உதாரணமா சொல்றேன்."

திருப்தி அதிகாரி கைதட்டினார். குழு வந்து போகும்வரை நோயாளியைக் கண்காணிப்பில் வைப்பது என்றும், அதுவரை வாசல் கூடத்தில் உட்காரவைப்பது என்றும் முடிவானது.

வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று தையல்காரம்மா அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போனாள். காவலாளி மறித்தார். நோயாளி தனக்கு இங்கே பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே கதவைத் திறப்பேன் என்றார். தையல்காரம்மா கடுகின் காதில் கெஞ்சினாள். பிடிக்கலன்னு சொல்லுங்க, சும்மா ஒரு தடவ சொல்லுங்க என்றாள். கடுகு காவலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த வாசல் மாதிரி ஒரு வாசல நான் பாத்ததே இல்ல என்றார். கதவு மூடியே இருந்தது.

கூடத்தின் நடுவில் அவரை உட்காரவைத்து, கழுத்தில் ஒரு மாலை போட்டு, சிறந்த நோயாளியாகக் குழுவிடம் பேச மடியில் மைக் வைத்தார்கள். மற்ற நோயாளிகள் அவரைச் சுற்றி வரிசையாகப் போகும்படி கயிறு கட்டினார்கள். திருப்தி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றும் என்பது திருப்தி அதிகாரியின் சொந்தக் கண்டுபிடிப்பு. கை உடைந்தவர்களும் வயிற்றுவலிக்காரர்களும் சுற்றி வந்தார்கள். கடுகு ஒவ்வொருவரையும் வாழ்த்தினார். கை உடைந்த ஒருவரிடம், வளைவு ரொம்ப அழகா இருக்கு என்றார். அவர் அடிக்க வந்தார், உடைந்த கையோடு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இடையில் கடுகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "நீ எவ்வளவு அழகா இருக்க" என்றார்.

இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் சொல்லாத வார்த்தை. மூளை அமுங்கினால்தான் இது வருமென்றால் கொஞ்சம் அமுங்கட்டுமே என்று கூடத் தையல்காரம்மாவுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்து போனது. ஆனால் அவர் அதே குரலில், அதே சிரிப்போடு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ப் பெட்டியைப் பார்த்தும் அதையே சொன்னார். பிறகு கயிற்றைப் பார்த்துச் சொன்னார். அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்கு வேண்டியது இந்த ஆள் இல்லை, என் ஆள் உள்ளே எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறார், அவரை யாராவது எடுத்துக் கொடுங்கள் என்று குழாயிடம் சொன்னாள்.

திரும்பி வந்தபோது கடுகின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாழ்த்துகள் மெதுவாக வந்தன. இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது, அவர் அதை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. டியூட்டி டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார். அலமாரிப் பூட்டை உடைக்க ஒரு சுத்தியல் கிடைக்குமா என்று அவர் காவலாளியிடம் கேட்டது தையல்காரம்மாவின் காதில் விழுந்தது. திருப்தி அதிகாரியோ மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப்பார்த்து, என்ன ஒரு நிம்மதி பாருங்க, தூக்கமே வந்துடுச்சு என்று தன் உதவியாளரிடம் பூரித்துப்போனார்.

தரக் குழு பின்வாசல் வழியாக வந்து மேலே சுற்றிப் பார்த்து முடித்திருந்தது. கோட்டுப் போட்ட மூன்று பேர். சிறந்த நோயாளியின் உரையைக் கேட்க அவர்களை இயக்குநரும் திருப்தி அதிகாரியும் லிஃப்டில் ஏற்றிக் கீழே அழைத்து வந்தார்கள். லிஃப்ட் கிளம்பியது. பெரிதாக ஒரு முக்கல் கேட்டது. கூடத்துக்கு ஓர் ஆள் உயரம் மேலே லிஃப்ட் நின்றுவிட்டது. கீழ்க் கதவை இரண்டு பேர் சேர்ந்து நெம்பியதில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைத்தது. அதன் வழியே பளபளவென்று ஐந்து ஜோடிச் செருப்புகளும் பூட்ஸுகளும் மட்டும் தெரிந்தன.

லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஆள் வரத் தாமதமாகும் என்றார்கள். உள்ளே காற்று குறைவது போல இருக்கிறது என்று ஒரு பூட்ஸ் சொன்னது. இன்னொரு பூட்ஸ் கதவை உதைத்தது. அப்போது இயக்குநரின் குரல் மேலிருந்து கேட்டது. அந்த லிஃப்ட்காரர் எங்கே, அவருக்கு இந்த லிஃப்டைப் பற்றி எல்லாம் தெரியுமே, அவரைக் கூப்பிடுங்கள் என்றது.

தையல்காரம்மா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய் லிஃப்டுக்கு முன்னால் நிறுத்தினாள். கடுகின் தோளைத் தட்டி எழுப்பினாள். லிஃப்டில் மாட்டிக்கிட்டாங்க, எப்படித் திறக்கிறதுன்னு சொல்லுங்க என்றாள். கடுகு மெதுவாகக் கண்ணைத் திறந்து பூட்ஸுகளைப் பார்த்தார்.

"எவ்வளவு பளபளப்பு" என்றார். "எதுக்குங்க இறங்கணும்? மேலயும் இல்லாம... கீழயும் இல்லாம... ரொம்ப நல்ல எடம்."

"ஐயா, விளையாடாதீங்க. பிரேக்க எப்படி விடுவிக்கிறது? சொல்லுங்க" என்றார் இயக்குநர்.

"எதையும் விடுவிக்க வேணாம். இந்த லிஃப்ட்ல ஒரு குறையும் இல்ல."

இந்த வாக்கியத்தைத் தரக் குழுவின் முன்னால் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் இயக்குநர் ஆண்டு முழுவதும் ஆசைப்பட்டார். சொன்னபோது அவருக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த ஆளுக்கு என்ன ஆச்சு, பழைய மாதிரி திட்டச் சொல்லுங்கள், அப்போது எவ்வளவு விவரமாகத் திட்டினார் என்று கத்தினார்.

தையல்காரம்மா கழுத்தை நிமிர்த்தி பூட்ஸுகளைப் பார்த்துப் பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

"பழைய மாதிரி ஆகணும்னா ஊசி போடணும் சார்."

"போடுங்க."

"மண்டையில துளையும் போடணும் சார்."

"போடுங்கம்மா, யார் வேணாங்கிறாங்க?"

"திருப்தி குறைஞ்சிடும் சார்."

"குறையட்டும்!"

தரக் குழு அதைக் கேட்டது. அதில் ஒருவர், என்ன குறையட்டும் என்று இயக்குநரிடம் விளக்கம் கேட்டார். அதற்குள் திருப்தி அதிகாரி, கூட்டத்தின் முடிவை மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும் என்றார். கூட்டத்துக்கு வேண்டிய எல்லோரும் இப்போது இந்த லிஃப்டுக்குள்ளேதான் இருக்கிறோம் என்று இயக்குநர் பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் குசுகுசுவென்று சத்தம். பிறகு இடைவெளி வழியே ஒரு கை கீழே நீண்டது. அதில் முத்திரை இருந்தது.

டியூட்டி டாக்டர் அப்போதுதான் சுத்தியலோடு வந்து சேர்ந்தார். எதில் முத்திரை வாங்குவது என்று யோசிக்க நேரம் இல்லை. வெள்ளைக் கோட்டின் கையை நீட்டி, எம்பினார். முத்திரை கோட்டுக் கையில் பச்சென்று விழுந்தது. அந்தக் கையைக் காட்டிக்கொண்டே ஓடி அலமாரியைத் திறக்கவைத்தார். சுத்தியலைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். அதைக் கொடுக்கும்போது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

வைட்டமின் கே மெல்ல மெல்ல நரம்பில் இறங்கியது. பின்னாலேயே ப்ளாஸ்மா பைகள் வந்தன. ரத்தம் மறுபடி உறையத் தொடங்கிவிட்டது என்று சோதனை சொன்னதும், மண்டை டாக்டர் ஒட்டடையைத் தட்டிவிட்டுக் கைகழுவப் போனார். கடுகின் மண்டையில் அவர் சின்னத் துளை போட்டதும், தேங்கியிருந்த ரத்தம் கறுப்பு எண்ணெய் போல வெளியே வந்ததாகப் பிறகு டியூட்டி டாக்டர் சொன்னார். லிஃப்டில் இருந்தவர்களை மெக்கானிக் வந்து இறக்கியது இதற்கிடையில் எப்போதோ நடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

தையல்காரம்மா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். அவர் மறுபடி கண்ணைத் திறப்பாரா, திறந்தால் எந்த ஆள் திறப்பார் என்று அவளுக்குத் தெரியவில்லை. நன்றாகிவிடுவார் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அன்றும் சாப்பிடவில்லை, மறுநாள் காலையிலும் சாப்பிடவில்லை.

கடுகு கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றிக் கூட்டம். இயக்குநர் வந்திருந்தார். தரக் குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை என்பதால் எல்லோரிடமும் பவ்யமாக இருந்தார். திருப்தி அதிகாரி நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, எப்படி உணர்கிறீர்கள் என்று தேன் ஒழுகக் கேட்டார்.

கடுகு கூரையைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க, காத்த மறைக்காதீங்க" என்றார்.

டியூட்டி டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். திருப்தி அதிகாரி நிமிர்ந்து, சிகிச்சையின் பக்கவிளைவு கடுமையாக இருக்கிறது என்று எழுதினார். கடுகு தலையணையைத் தொட்டுப் பார்த்து, இதை எந்த மடையன் தைத்தான் என்று கேட்டார். அவர் கண் அப்போதுதான் மனைவி மேல் விழுந்தது. அங்கேயே நின்றது.

"ஏன் மூஞ்சி இப்படிக் காஞ்சு கெடக்கு? அழுதியா?" என்றார். "சொல்லு. இவங்கள்ல யாரு உன்ன அழவெச்சது?"

இயக்குநர் ஓர் அடி பின்னால் போனார். தையல்காரம்மா எல்லோரையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"நீங்கதான்."

"நான் என்ன பண்ணேன்?"

"எல்லார்கிட்டயும் அன்பா பேசினீங்க. தண்ணிப் பெட்டிய அழகா இருக்குன்னு சொன்னீங்க. வாட்ச்மேனுக்குக் கை குடுத்தீங்க. டீ நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

கடுகு நம்பவில்லை. டாக்டரைப் பார்த்தார், டாக்டர் ஆமாம் என்று தலையசைத்தார். அவர் காது சிவந்துவிட்டது. நான் யாருக்கெல்லாம் நன்றி சொன்னேன், ஒருத்தர் விடாமச் சொல்லு, எல்லாத்தையும் திருப்பி வாங்கணும் என்று எழுந்திருக்கப் பார்த்தார். தலையில் மாட்டியிருந்த குழாய் இழுத்தது. டாக்டர் தோளை அழுத்திப் படுக்கவைத்தார். படுத்துக்கொண்டும் அவர் அடங்கவில்லை.

"டீ நல்லா இருக்குன்னு நான் சொல்லியிருந்தா அது உளறல், புரியுதா? வாயில வெக்க வெளங்காத டீ." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கை ஏன் இப்படிச் சில்லுனு இருக்கு? நேத்துலேர்ந்து எதுவும் சாப்பிடலையா நீ? இவ்வளவு பேர் சுத்தி நிக்கிறாங்க, ஒருத்தருக்காவது இது கண்ணுல பட்டுச்சா? என்ன ஆஸ்பத்திரி இது?"

தையல்காரம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அவள் அதைத் துடைக்கவும் இல்லை.

"அழாத" என்று கடுகு அதட்டினார். "போய் மொதல்ல சாப்பிட்டு வா. வந்து சண்ட போட்டுக்கலாம்."